தேஞ்ச டேப்பு

தம்பி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ராத்திரி 11 மணி இருக்கும். போன வருசம் மாசி மாசம். சோறுகூட வேணாம்னுட்டு நேரா கிட்டாரை எடுத்து ஒயரைச் சொருக ஆரம்பித்தான். பெருசா ஒண்ணுமில்லை. ஒரு இரும்புப் பெட்டி, மேலே வரிசையாய்த் திருகுகள், கால்ல மிதிக்கப் பித்தான்கள்.

"இன்னாடா இது?"

"எக்கோக்கா."

"எவ்ளோ?"

கொஞ்ச நேரம் வாயைத் திறக்கலை. அப்புறம் சொன்னான். "செகண்ட் ஹேண்டுதாங்க்கா. 22,000."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. எங்கப்பன் செஞ்சிப் பக்கம் கல்குவாரியில் ஒடச்சுப் போட்ட கல்லுக்கு ஒரு வருசம் முழுக்கக் கிடைச்ச கூலிகூட ஒரு காலத்துல அவ்வளவு இருக்காது. "மலைகிட்ட போயி கத்துனா எக்கோ சும்மா வருமேடா. அதுக்கு 22,000 ரூபா குடுத்துட்டு வரியா?"

அவன் பதில் பேசாம ஒரு கம்பியைத் தட்டினான். தட்டின சத்தம் ஒரு தரம் கேட்டு, திரும்ப ஒரு தரம் கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தள்ளாடி, தூரத்துல ஆளு நடந்து போறமாதிரி போயி அடங்குச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு சின்ன சுவிட்சைக் காட்டினான். ஒரு பக்கம் தள்ளினா புது டேப்பு. இன்னொரு பக்கம் தள்ளினா பழசாகித் தேஞ்சுபோன டேப்பு. பெட்டிக்குள்ள டேப்பே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. தேஞ்சுபோன டேப்பு எப்படிச் சத்தம் போடுமோ அப்படிச் சத்தம் போட ஒரு சுவிட்ச். டேப்பு ஓடுறப்ப தள்ளாடுமே, அந்தத் தள்ளாட்டம் எவ்வளவு வேணும்னு வச்சுக்க ஒரு திருகு.

எனக்கு அடிவயித்துல என்னவோ பண்ணுச்சு. ஏன்னா எங்க வீட்டுப் பரண்ல நெசமாவே ஒரு தேஞ்ச டேப்பு கிடக்குது.

1998ல் எங்க ஆயா செத்துப்போனா. எனக்கு அப்ப எட்டு வயசு. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, ஒப்பாரி பாடுறதுல பேர் போனவ. சுத்துப்பட்டு காலனியில சாவு விழுந்தா அத்தைக்கு ஆள் வரும். ஊர்த்தெருவுல சாவு விழுந்தாலும் வரும். ஆனா அங்கே போனா பந்தலுக்கு வெளியே தெருப் புழுதியில உக்காந்துதான் பாடணும். எவன் அப்பனோ செத்ததுக்கு இவ மாரடிச்சு அழுவணும். குடுக்கிற படிநெல்லை முந்தானையில வாங்கிக்கிட்டு வரணும். பிள்ளைங்க வளந்து "போகாதே"ன்னு சண்டை போட்டப்புறம்தான் ஊர்த்தெருச் சாவுக்குப் போறதை நிறுத்தினா.

ஆயா சாவுக்கு அப்பா மைக்செட் எடுத்தார். எங்க காலனிச் சாவுக்கு மைக்செட் வந்தது அதுதான் முதல் தடவை. வேப்பமரத்துல ஹாரனைக் கட்டி, எக்கோ வச்ச ஆம்ப்ளிஃபயரும் போட்டு, அத்தை கையில மைக்கைக் குடுத்தாங்க. பாதிப் பாட்டு போயிருக்காது, ஊர்லேர்ந்து ரெண்டு பேர் வந்துட்டாங்க. "ஹாரன் ஊரைப் பார்த்து இருக்குது. அந்தாண்ட திருப்பு"ன்னு மைக்செட்காரனை மெரட்டினாங்க. பொணத்தை வச்சுக்கிட்டு சண்டை வேணாம்னு அப்பா திருப்பச் சொல்லிட்டார். ஹாரன் குவாரியைப் பார்த்துத் திரும்புச்சு.

குவாரின்னா சும்மா இல்லை. செங்குத்தா அறுத்த கல்லுச் செவுரு. அத்தை குரல் நேரா போயி அந்தச் செவுத்துல மோதி, ஒரு நொடி கழிச்சுத் திரும்பி, காலனியையும் தாண்டி ஊர்த்தெரு வரைக்கும் போச்சு. அன்னைக்கு அதை யாராலும் திருப்ப முடியலை. பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரை வாங்கி அப்பா அதைப் பதிவு பண்ணினார். அத்தை குரல், பற மேளம், பின்னாலேயே குவாரியிலேர்ந்து திரும்பி வந்த குரல் எல்லாம் அந்தக் கேசட்டுல இருக்குது.

அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு டேப்பு இழுபட்டு, ஒரு தரம் சிக்கி அறுந்து, நகப்பாலிஷ் தடவி ஒட்டி, மழையில நனைஞ்சு பூசணம் பூத்து, இப்ப மிச்சம் இருக்கிறது 11 நிமிசம். அந்தக் குவாரிச் செவுரும் இப்ப இல்லை. கல்லை வெட்டி வெட்டி லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க. இருந்த எடத்துல தண்ணி நிக்குது.

எங்க டேப்பு தேஞ்சா அது குப்பை. எங்கேயோ எவனோ டேப்பு தேஞ்சா அதுக்கு ஒரு சுவிட்ச், ஒரு விலை. அந்த ராத்திரி தம்பிகிட்ட இதைத்தான் கத்தினேன். அவன் பொறுமையா சொன்னான், "அந்தத் தேஞ்ச டேப்பு யாரோடதுன்னு தெரிஞ்சுக்கினு அப்புறம் திட்டுக்கா."

தெரிஞ்சுக்கிட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

எக்கோ எப்படி வருதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். சத்தம் காத்துல ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தூரத்துல ஒரு செவுரு இருந்தா போய்வர ஒரு நொடி. மலை இல்லாத எடத்துல இதை எப்படிக் கொண்டுவர்றது? டேப் ரிக்கார்டர் வந்தப்புறம் வழி கிடைச்சுது. ஒரு தலை டேப்புல சத்தத்தைப் பதியும். கொஞ்சம் தள்ளி இன்னொரு தலை அதைப் படிக்கும். டேப்பு நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடி, ரெண்டு தலைக்கும் நடுவுல 5 சென்டிமீட்டர் இருந்தா, நொடியில சுமார் எட்டுல ஒரு பங்கு நேரம் கழிச்சுச் சத்தம் திரும்பி வரும். திரும்பி வந்ததையே மறுபடி பதிய விட்டா மறுபடி மறுபடி வரும். ரொம்ப அதிகமா விட்டா அடங்கவே அடங்காம ஊளையிடும். சூத்திரம் இவ்வளவுதான்.

அமெரிக்காவுல மெம்பிஸ் நகரத்துல சாம் பிலிப்ஸ் நடத்தின சன் ஸ்டூடியோவுக்கு இந்தச் சின்ன எக்கோதான் அடையாளமாச்சு. 1954ல் எல்விஸ் பிரெஸ்லி முதல் இசைத்தட்டுக்குப் பாடினது அங்கேதான். பாட்டுப் பேர் 'தட்ஸ் ஆல் ரைட்'. அந்தப் பாட்டு ஆர்தர் குருடப் என்கிற கறுப்பரோடது. மிசிசிப்பியில பொறந்து, கூலி வேலை பார்த்துக்கிட்டே புளூஸ் பாடினவர். 1946லேயே அதைப் பதிவு பண்ணிட்டார். வெள்ளைக்கார இளைஞன் பாடினதும் உலகம் தலைகீழாச்சு. குருடப் தனக்கு வரவேண்டிய உரிமைத்தொகைக்காக அலைஞ்சு அலைஞ்சு, அது முழுசா கைக்கு வராமலேயே 1974ல் செத்துப்போனார். திரும்பி வந்த குரலுக்குக் காசு, முதல்ல வந்த குரலுக்கு ஒண்ணுமில்லை. எக்கோவோட வரலாறை எங்கே தொட்டாலும் இந்த வழக்கு ஒண்ணு கிடக்குது.

ஆரம்பத்துல ஸ்டூடியோவுக்குள்ள இருந்த இந்த வித்தையை மேடைக்குத் தூக்கிட்டு வரப் பெட்டிகள் செஞ்சாங்க. ஒஹாயோ மாநிலத்துல மைக் பேட்டில் செஞ்ச எக்கோப்ளெக்ஸ் 1959 வாக்குல வந்துச்சு. தம்பி வாங்கின பெட்டி எதைக் காப்பியடிக்குதோ அந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ, அதாவது ஆர்.இ.201, 1974ல் ஜப்பான்ல வந்துச்சு. அதுல டேப்புக்குச் சக்கரம் கிடையாது. ஒரு வளையமா ஒட்டின டேப்பு தட்டையான அறைக்குள்ள பாம்பு மாதிரி மடிஞ்சு மடிஞ்சு ஓடும். பதியிற தலை ஒண்ணு, படிக்கிற தலை மூணு. ஓட ஓட டேப்பு தேயும். தேயத் தேய உச்சச் சத்தம் மங்கும், குரல் தள்ளாடும். கெட்டுப்போகுதுன்னு டேப்பை மாத்துவாங்க. அந்தக் கெட்டுப்போன சத்தத்துக்குத்தான் இன்னைக்கு மவுசு.

ரோலண்ட் கம்பெனியை 1972ல் ஆரம்பிச்ச இகுதாரோ ககேஹாஷி சின்ன வயசுலேயே அப்பா அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். கைக்கடிகாரம், ரேடியோ ரிப்பேர் பண்ணிப் பொழைச்சவர். அவருக்கும் காசநோய் வந்து வருசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தார். எஞ்சினியரிங் பட்டம் வாங்கி வந்தவர் இல்லை, ரிப்பேர் பண்ணிக் கத்துக்கிட்டவர். அவர் கம்பெனிப் பெட்டி கடல் தாண்டிப் போயி இன்னும் சில ரிப்பேர்காரங்க கையில விழுந்துச்சு. அங்கேதான் என் கதை தொடங்குது.

ஜமைக்கா. கரும்புத் தோட்டத்துக்காக ஆப்பிரிக்காவுலேர்ந்து சங்கிலி போட்டு இழுத்து வந்த மக்களோட பேரப்பிள்ளைகள் வாழ்ற தீவு. 1962ல் சுதந்திரம் வாங்கியும் தலைநகரம் கிங்ஸ்டன்ல ஏழைக் கறுப்பர்கள் இருந்தது தகரக் குடிசைகள்ல. ரேடியோவுல அவங்க பாட்டு வராது. அதனால பெரிய பெரிய ஸ்பீக்கரைத் தெருவுல அடுக்கி, ரிக்கார்டு போட்டு ஆடுவாங்க. நம்ம மைக்செட்டு மாதிரிதான். அதுக்கு அங்கே 'சவுண்ட் சிஸ்டம்'னு பேர்.

அங்கே வாட்டர்ஹவுஸ்னு ஒரு சேரி. அதுல ஆஸ்பர்ன் ருடாக்னு ஒரு ரேடியோ ரிப்பேர்காரர். 1941ல் பொறந்தவர். கிங் டப்பின்னு சொன்னாத்தான் உலகத்துக்குத் தெரியும். அவரும் ஒரு சவுண்ட் சிஸ்டம் வச்சிருந்தார். ரிக்கார்டு வெட்டுற வேலையும் பார்த்தார். 1960கள் கடைசியில அங்கே ஒரு பழக்கம் கிளம்புச்சு. ஒரு தடவை ரிக்கார்டு வெட்டினவர் பாடகர் குரலைச் சேர்க்க மறந்துட்டார். வெறும் தாளமும் பாஸ் கிட்டாரும்தான் இருந்துச்சு. அதைத் தெருவுல போட்டாங்க. விட்டுப்போன குரல் எடத்துல கூடியிருந்த சனமே பாட ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் இசைத்தட்டோட மறுபக்கத்துல குரல் இல்லாத பாட்டு வர்றது வழக்கமாச்சு. அந்த இடைவெளியில தெருப் பையன்கள் மைக்கைப் பிடிச்சுத் தங்க பேச்சைப் பேசினாங்க.

டப்பி அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். பெரிய ஸ்டூடியோ கழிச்சுக்கட்டின நாலு டிராக் மிக்சரை வாங்கி வந்து வீட்டுலேயே வச்சுக்கிட்டார். ஓடுற பாட்டுல குரலை வெட்டுவார். ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டு அதை எக்கோவுல எறிவார். அந்தச் சொல்லு சுத்திச் சுத்தி வந்து தேஞ்சு மறையும். மேளம் நிக்கும், பாஸ் மட்டும் நடக்கும், திடீர்னு ஒரு தட்டு எட்டுத் திசையிலும் சிதறும். 'டப்' இசைன்னு இதுக்குப் பேர். அதே நகரத்துல லீ பெர்ரி 1973ல் தன் வீட்டுப் பின்கட்டுல பிளாக் ஆர்க்னு ஒரு சின்ன ஸ்டூடியோ கட்டினார். அங்கே ஸ்பேஸ் எக்கோதான் அவருக்கு உயிர். வெறும் நாலு டிராக்கை வச்சுக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி ஏத்தி, சத்தம் தேய்ஞ்சாலும் பரவால்லைன்னு செஞ்சார். வசதி இல்லாததால வந்த தேய்மானம் அது. அதையே அழகாக்கிக் காட்டினார்.

1989 பிப்ரவரியில டப்பியை அவர் வீட்டு வாசல்லேயே எவனோ சுட்டுக் கொன்னான். பிளாக் ஆர்க் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. லீ பெர்ரி 2021ல் செத்தார். அந்தப் பாட்டுகளுக்கு மேளம் அடிச்சவங்க, பாஸ் வாசிச்சவங்க பலருக்குப் பாட்டுக்கு இவ்வளவுன்னு அன்னக்கூலிதான். உரிமை தயாரிப்பாளருக்கு. குருடப் கதை இங்கேயும் வந்து நிக்குது.

டேப்பு வளையம் அதுக்கப்புறம் பெட்டியை விட்டே போச்சு. 1969ல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்துல ஒரு மின்சுற்று கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் பேர் பக்கெட் பிரிகேட். தளம் போடுறப்ப சித்தாளுங்க வரிசையா நின்னு கலவைச் சட்டியைக் கைமாத்துவாங்களே, அதே மாதிரி சத்தத்தைத் துண்டு துண்டா கைமாத்தித் தாமதமாக்கும். கைமாறும்போது கொஞ்சம் சிந்தும். அதுக்கப்புறம் எல்லாம் டிஜிட்டல். தம்பி வச்சிருக்கிற ஆர்.இ.202 பாஸ் கம்பெனி 2022ல் கொண்டுவந்தது. ரோலண்டோட இன்னொரு பேர்தான் அது. பழைய பெட்டியோட ஒவ்வொரு கோளாறையும் கணக்குப் போட்டு உள்ளே வச்சிருக்காங்க. ஆனா யாரு கையில அந்தக் கோளாறு இசையாச்சோ, அந்தக் கையைக் கணக்குல வைக்க எந்தத் திருகும் இல்லை.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டதுக்கப்புறம் பெட்டி மேல கோவம் போயிடுச்சு. அமெரிக்கக் கறுப்பர்களோட பிளாக் பேந்தர் பேரை எடுத்துத்தான் 1972ல் பம்பாயில தலித் பேந்தர் உருவாச்சு. அவங்க எழுத்தைப் படிச்சோம், அரசியலைப் படிச்சோம். அவங்க ரிப்பேர் கடையைப் படிக்காம விட்டுட்டோம்.

தம்பிக்கு இந்தப் பித்து பிடிச்சது 2018 ஜனவரியில. சென்னை கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவையா மேடை ஏறினப்ப கூட்டத்துல நின்னவன். கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில நின்னதைப் பார்த்துட்டு வந்து கிட்டார் கத்துக்கிட்டான். இப்ப நாலு பசங்களோட சேர்ந்து வாசிக்கிறான். ஏப்ரல் 14, அண்ணல் பொறந்தநாளைக்குக் காலனியில நிகழ்ச்சி. அதுக்கு என்ன வாசிக்கப் போறான்னு கேட்டப்பதான் விசயம் வெளியே வந்துச்சு. பரண்ல கிடந்த கேசட்டை எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கான். அத்தை குரலோட பறையும் கிட்டாரும் சேர்த்து, இந்தப் பெட்டியில குவாரி எக்கோவைத் திரும்ப வரவைக்கப் போறானாம். அதுக்குத்தான் 22,000.

"அத்தகிட்ட கேட்டியா?"

"எதுக்குக்கா கேக்கணும்? நம்ம அத்ததானே?"

சுருக்குன்னு இருந்துச்சு. நான் எம்.ஏ. தமிழ் படிச்சப்ப நாட்டுப்புறவியல்னு ஒரு தாள். பாடத்துக்கு வச்ச ஒப்பாரித் தொகுப்பைத் திறந்தா தொகுத்தவர் பேர் அட்டையில கொட்டை எழுத்துல. அவர் வாங்கின பட்டம் உள்ளே. பாடினவ பேர்? 'ஒரு மூதாட்டி பாடியது.' வகுப்புல எழுந்து, "அந்த மூதாட்டிக்குப் பேர் இல்லையா ஐயா?"ன்னு கேட்டேன். "அது மக்கள் சொத்தும்மா, உட்காரு"ன்னார். மக்கள் சொத்துன்னா மக்களுக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது. அப்படிக் கேள்வி கேட்டவ தம்பியே அதைச் செய்யறான். அதுவும் நம்ம அத்தைங்கிற உரிமையில. உறவுக்குள்ள நடந்தா மட்டும் அது சுரண்டல் இல்லைன்னு ஆயிடுமா?

ரெண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தைக்கு எழுபதைத் தாண்டிடுச்சு. திண்ணையில பெட்டியை வச்சு, சின்ன ஸ்பீக்கரைக் கட்டி, 11 நிமிசமும் போட்டுக் காட்டினான். எக்கோவை ஒரு நொடிக்கு வச்சிருந்தான். தேஞ்ச டேப்பு சுவிட்சையும் போட்டிருந்தான். ஏற்கனவே தேஞ்ச டேப்பு மேல இன்னொரு தேய்மானம்.

அத்தை கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா. முடிஞ்சதும் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "குவாரி சத்தம் மாதிரிதான் கீது"ன்னா. தம்பி மொகம் மலந்துச்சு. உடனே சொன்னா, "ஆனா சொல்லு வெளங்கலடா. எங்கம்மாள சொல்லிச் சொல்லி அழுதுகிறேன். இன்னா சொன்னன்னு ஒருத்தனுக்கும் வெளங்காது. எக்கோவக் கொற."

"அந்தத் தேஞ்ச சத்தம்தான் அத்த இப்ப எல்லாரும் விரும்புறாங்க."

"தேஞ்சது எம்பாட்டு. அத நீ வேற எதுக்குத் தேய்க்கிற?"

தம்பி சுவிட்சைத் தள்ளிட்டான். திரும்ப ஒரு தடவை போட்டான். குரல் மட்டும் எக்கோ இல்லாம வந்துச்சு. கேசட்டுக்குள்ளேயே இருந்த குவாரிக் குரல் பின்னாடி சன்னமா கேட்டுச்சு. பறைக்கு மட்டும் பெட்டி எக்கோவை வச்சான். அத்தை தலையாட்டினா.

"இன்னொண்ணு. பாடுறதுக்கு முன்ன எம்பேரச் சொல்லணும். எங்கம்மா பேரயும் சொல்லணும். ஊர்த்தெருவுல எத்தினி சாவுக்குப் பாடிகிறேன், ஒரு நாளு ஒருத்தன் எம்பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல."

"சொல்றேன் அத்த."

"கூலி எவ்ளோ?"

சிரிக்காமத்தான் கேட்டா. தம்பி என்னைப் பார்த்தான். நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டேன். அவங்க அஞ்சு பேரு, வர்ற காசுல அஞ்சு பங்கு. அத்தையோட சேர்த்து ஆறு பங்குன்னு முடிவாச்சு. நிகழ்ச்சி முடிஞ்சதும் அவ பங்கு 500 ரூபாயை எண்ணி வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அதே முந்தானைதான் ஒரு காலத்துல படிநெல்லு வாங்கினது. ஆனா அன்னைக்கு அவ மேடைக்கு முன்னால நாற்காலியில உக்காந்திருந்தா.

அன்னைக்கு ஹாரனை யாரும் எந்தப் பக்கமும் திருப்பச் சொல்லலை. ஸ்பீக்கர் தெருமுனையைப் பார்த்து நின்னுச்சு. பேர் சொன்னப்ப காலனிப் பொம்பளைங்க குலவை போட்டாங்க. பாட்டு நடந்தப்ப என் பக்கத்துல உக்காந்திருந்த அத்தை உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டேப்புல அறுந்துபோன எடங்கள்ல வர்ற வரியை இவ மெதுவா சொல்லிக்கிட்டிருந்தா. காது வச்சுக் கேட்டேன். எங்க ஆயா நடவு நட்ட கழனிங்க பேரை வரிசையாச் சொன்னா. ஒண்ணுகூட ஆயாவோடது இல்லை. கேசட்டுல இல்லாத பாட்டு அத்தைகிட்ட இன்னும் இருக்குது. மறுநாள் காலையிலேயே நோட்டும் போனும் எடுத்துக்கிட்டு அவ திண்ணைக்குப் போனேன். இதுவரைக்கும் நாலு நோட்டு நிறைஞ்சிருக்குது. ஒவ்வொரு பக்கத்து மேலயும் அவ பேர்.

தோழர்களே, உங்க வீட்டுப் பரண்லேயும் கேசட் கிடக்கும். கல்யாணக் கேசட்டோ, சாவுக் கேசட்டோ, கூட்டத்துல பேசின கேசட்டோ எதுவானாலும் எடுங்க. பூசணத்தைத் துடைச்சு, ஓடுற வரைக்கும் ஓட்டி வேற எதுலயாவது ஏத்தி வைங்க. மேலே பாடினவங்க பேரையும் பேசினவங்க பேரையும் எழுதுங்க. அவங்க உசிரோட இருந்தா போயிக் கேளுங்க, அறுந்துபோன எடத்துல என்ன இருந்துச்சுன்னு.